அந்தமான் அடைக்கலத்தின் ஆட்டம்

போர்ட் பிளேயரில் அந்தக் காலத்தில் எதுவுமே கப்பல் வந்தால்தான் வரும். வெங்காயம் கப்பலில் வரும். செய்தித்தாள் கப்பலில் வரும். கட்டுக்கட்டாக வந்திறங்கும் பழைய செய்திகளை ஊரே புதுச் செய்தியாகப் படிக்கும். ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணி கிழிந்துபோனால் அதற்கு மாற்றுத் துணியும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். அப்படி ஒரு துணி கிழிந்ததால்தான் கிளாராவுக்குக் கல்யாணம் ஆனது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். கடலைப் பார்த்த மேட்டின் மேல் அதிகாரிகள் கூடும் கிளப் ஒன்று இருந்தது. தகரக் கூரை, மரச்சுவர், சுற்றிலும் வராந்தா. அதன் பெரிய அறையில் ஒரு ஸ்னூக்கர் மேசை. ஒருநாள் விருந்தாளியாக வந்த கப்பல் இன்ஜினியர் ஒருவர், கையில் இருந்த க்யூ கோலைப் பந்துக்குக் கீழே கொடுத்து ஓங்கி இடித்ததில், துணி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. "சாரி, சாரி" என்று நாலுமுறை சொல்லிவிட்டு மறுநாளே அவர் கப்பலேறிப் போய்விட்டார். கிழிசல் இங்கேயே தங்கிவிட்டது.

அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர்தான் அடைக்கலசாமி. தூத்துக்குடிக்காரர். அங்கே வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கிளப்பில் புள்ளி எண்ணிச் சொல்வது, கோல்களின் முனைக்குத் தோல் ஒட்டுவது, ஆள் குறைந்த நாளில் துரைமாருக்கு எதிராளியாக நின்று ஆடிக்கொடுப்பது என்று பல வருஷம் கழித்தவர். துரைமார் ஊருக்குப் போனதும் அந்தக் கிளப் உப்புக் கிடங்கு ஆகிவிட்டது. கையில் கொஞ்சம் தச்சுவேலை இருந்ததால், படகுப் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தமான் வந்தார். வந்த இடத்திலும் ஒரு மேசை இருக்கிறது, பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை என்று தெரிந்ததும் உளியைக் கீழே வைத்தார்.

கிழிந்த துணியை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. மேன்லேண்டிலிருந்து புதுத் துணி வர மாதக்கணக்கில் ஆகும். யாரோ சொல்லி, மீனவர் பகுதியான ஜங்கிலிகாட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த வேதநாயகத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இங்க நல்லாத் தைக்கத் தெரிஞ்சவுக இருக்காவன்னு கோயில்ல சொன்னாவ."

"என்ன தம்பி தைக்கணும்?"

"ஒரு மேசை."

வேதநாயகம் வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் சத்தம் நின்றது.

"மேசைக்குப் போட்ட துணி அண்ணாச்சி. கழத்தி எடுத்துட்டு வர முடியாது. ஆளுதான் வரணும்."

மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மகள் கிளாராவுக்குச் சிரிப்பு வந்தது. கோயில் பீடத்து விரிப்பிலிருந்து பஞ்சாபி அதிகாரிகளின் மனைவிமார் போடும் சல்வார் வரைக்கும் அவள் தைக்காத துணி ஊரில் இல்லை. மேசை தைக்க யாரும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் பகலில், கிளப் காலியாக இருந்த நேரத்தில், அப்பாவோடு மேடேறிப் போனாள். அவ்வளவு பெரிய மேசையை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேதநாயகம் வராந்தா நாற்காலியில் சாய்ந்தவர் சற்று நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். கிளாரா மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, வளைந்த ஊசியால் நூல் வெளியே தெரியாமல் இழுத்து இழுத்துத் தைத்தாள். துணியில் மழையின் ஈரம் இருந்தது. தொட்டால் பாசி மாதிரி குளிர்ந்தது.

முடிந்ததும் அடைக்கலசாமி ஒரு பந்தை எடுத்து மெதுவாக உருட்டினார். தையல்மேல் ஏறும்போது பந்து லேசாகத் துள்ளியது.

"கொஞ்சம் இடிக்கி."

பிரித்துத் திரும்பத் தைத்தாள். திரும்பவும் உருட்டினார். அன்றைக்கு அந்தி வரைக்கும் பிரித்தாள், தைத்தாள். கடைசியில் பந்து எங்கும் தயங்காமல் போய் எதிர்விளிம்பைத் தொட்டது. அவர் பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இத்தாம் பெரிய மேசையில என்னதான் செய்வாவ?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஒரு சிவப்புப் பந்தைக் குழியில தள்ளணும். பொறவு ஒரு கலர் பந்து. திரும்ப ஒரு சிவப்பு. கலர் பந்தை எடுத்து மேல வச்சிருவோம். சிவப்பு போனா போனதுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார். பந்தை மேசைமேல் வைத்துவிட்டு, "பந்தைத் தள்ளுறது பெருசில்ல. அடிச்ச வெள்ளைப் பந்து எங்க போயி நிக்கிங்கிறதுதான் வேலை" என்று சேர்த்துக்கொண்டார்.

புதுத் துணி வந்த கப்பலுக்கு முந்தின கப்பலில் தூத்துக்குடியிலிருந்து அவருடைய அக்கா பெண் கேட்டு வந்து இறங்கினாள். கோயிலில் கல்யாண ஓலை படித்து, தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் முடிந்தது.

கிளப்பின் சமையலறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் குடித்தனம். ஆட்டம் சாயங்காலத்தில்தான் நடக்கும். அந்த அறைக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. அதிகாரிகளின் மனைவிமாரே வராந்தாவோடு சரி. மார்க்கரின் பெண்சாதி எந்த மூலைக்கு? "ஒருநா பகல்ல எனக்கு ஆடிக் காட்டுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். "ஒத்தையில அடிச்சா அது பழக்கம் கிளாரா. எதிர்த்த பக்கம் ஆள் நின்னாத்தான் ஆட்டம்" என்று சொல்லிவிடுவார்.

அதனால் அவள் காதால் பார்த்தாள். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது மரச்சுவருக்கு அந்தப்பக்கம் பந்துகள் இடிபடும் சத்தம் கேட்கும். முரட்டு அடி என்றால் வங்காளி டாக்டர். அடித்துவிட்டு உடனே தரையில் கோலை ஊன்றும் சத்தம் வந்தால் அது கிளப் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி. ஆள் குறைந்து அடைக்கலசாமி ஆட நிற்கும் நாளில் மட்டும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். விரலால் கதவைத் தட்டுவதுபோல் ஒரு சின்ன ஒலி, அப்புறம் பந்து வலைக்குள் விழும் தொப்பென்ற ஓசை, திரும்பச் சின்ன ஒலி. இடையில் பேச்சே இருக்காது. அந்த வரிசை நீண்டுகொண்டே போனால் கிளாரா கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவாள். எங்கேயாவது வரிசை அறுந்து, யாராவது "அரே" என்று மூச்சு விட்டால்தான் திரும்ப அரிவாள்மணைக்குப் போவாள்.

வைகாசியில் பிடித்த மழை மார்கழி வரைக்கும் அடிக்கும் ஊர். எவ்வளவு காயவைத்தாலும் மேசைத் துணியில் ஈரம் ஏறிவிடும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைப் பகலில் சூடாக்கிக் கொடுப்பது கிளாராவின் வேலை, அதை அந்தப் பச்சைத் துணிமேல் ஒரே திசையில் இழுப்பது அவர் வேலை. அப்படியும் பந்து மணலில் ஓடுகிற மாதிரிதான் ஓடும். அந்த மேசையில் பந்தைத் தொலைவுக்கு அனுப்பத் தோளில் வலு வேண்டும். அவருக்கு அந்த வலு வந்துவிட்டது. அதோடு, ஓடாத பந்தை எங்கே நிறுத்தினால் எதிராளி திணறுவான் என்ற கணக்கும் வந்துவிட்டது. கப்பல் அதிகாரிகள் வந்து ஆடித் தோற்றுப்போய், கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் அவர் பெயரைச் சொன்னார்கள்.

அறுபத்திரண்டில் கிருஷ்ணமூர்த்தி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மெட்ராஸ்ல போட்டி நடக்கறது அடைக்கலம். ஆனா ஒண்ணு. நீ சம்பளம் வாங்கிண்டு மேசை பாக்கறவன். பெரிய மனுஷா ஆடற போட்டியில உன்னைச் சேத்துக்க மாட்டா. உன்னை மாதிரி மார்க்கர்களுக்குத் தனியா ஒரு போட்டி வைக்கறா. புரொஃபஷனல்னு பேரு."

"அப்படின்னா என்னய்யா?"

"இதான் உன் தொழில்னு அர்த்தம்."

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கிளாராவிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினார்.

கப்பல் அணையும் சாத்தம் ஜெட்டியில் கைக்குழந்தை கிரேசியோடு நின்று கிளாரா அவரை வழியனுப்பினாள். போன கப்பல் திரும்பி வந்தபோது பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவர் இறங்கி வந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டத்திலேயே தோல்வி.

"பந்து நிக்க மாட்டேங்கு கிளாரா. அங்கெல்லாம் துணி காஞ்ச பனையோல மாதிரி கெடக்கு. தொட்டா ஓடுது. நான் அடிச்ச அடியில வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதிச்சிட்டு. பாத்தவன்லாம் சிரிச்சான்."

"தரையில விழுந்தாலும் உடையலல்ல?"

அவர் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க அதை நினைத்து நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஈர ஊரில் இருந்துகொண்டு காய்ந்த மேசைக்கு எப்படிப் பழகுவது? அவர் படகுப் பட்டறைக்குப் போய், படகுக்கு ஆகாத நீளமான படாக் மரப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதை இழைத்து, மெழுகு போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பாக்கி வீட்டுக்குள் முக்காலிகளின் மேல் கிடத்தினார். ஒரு முனையில் பந்தை வைத்துக் கோலால் தொடுவார். மறுமுனைக்கு வந்து விழாமல் அது நிற்க வேண்டும். நிற்காது. சிவந்த பலகையில் கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி வழுக்கிக் கீழே விழும். கிளாரா மறுமுனையில் முந்தானையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு கையால் கிரேசியின் தொட்டிலை ஆட்டுவாள். மழை தகரத்தில் இரைந்துகொண்டிருக்கும். அவள் மடியில் விழுந்த பந்துகளுக்குக் கணக்கே கிடையாது. பிற்காலத்தில் அந்த வருஷங்களை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பந்துகளின் கனம்தான். முட்டையைவிட நல்ல கனமாக, கைச்சூடு ஏறி இருக்கும்.

ஒருநாள் பந்து பலகையின் விளிம்புக்கு வந்து, யோசித்து, நின்றது. அவள் ஏந்தியிருந்த முந்தானையை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இறக்கிரு, அது வராது" என்றார் அவர்.

அறுபத்தாறில் அவர் திரும்ப மெட்ராஸ் போட்டிக்குப் போய் வந்த கப்பல் ஜெட்டியை அணைவதற்கு முன்பே மேல்தட்டில் நின்ற வங்காளி அதிகாரி ஒருவர் கைகளைத் தூக்கி, "பாபி, ஜீத் கயா! ஜீத் கயா!" என்று அடைக்கலசாமி ஜெயித்த செய்தியை இந்தியில் கத்தினார். ஜெட்டியில் நின்றவர்கள் எல்லாரும் கிளாராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலசாமி ஒரு கையில் வெள்ளிக் கோப்பையும் மறு கையில் வாழையிலைப் பொட்டலமுமாக இறங்கினார். பொட்டலத்தில் மெட்ராஸ் மல்லிகைப்பூ. கடலில் வந்த வெக்கையில் பழுப்பேறி, புளித்த வாடை அடித்தது. அவள் அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு மேடேறினாள்.

அதற்குப் பிறகு மேன்லேண்டில் அவர் பெயர் 'அந்தமான் அடைக்கலம்' என்றாகிவிட்டது. கிருஷ்ணமூர்த்தி கிளப்பில் பேசி, மழை மாதங்களில் அவரை விட்டுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். எப்படியும் அந்த மாதங்களில் இங்கே மேசை சதுப்பு நிலம்தான். பெங்களூர், ஊட்டி, மெட்ராஸ், ஹைதராபாத் என்று கிளப் கிளப்பாகக் கூப்பிட்டார்கள். சில இடங்களில் போட்டி. சில இடங்களில் வேடிக்கை ஆட்டம். மகாராஜா ஒருவரின் அரண்மனையில் ஆடிவிட்டு வந்து, "மேசைக்கு யானைக்கால் மாதிரி காலு. ஆனா சரிமட்டம் இல்ல" என்றார்.

மழைக்காலம் முழுக்கக் கிளாராவும் கிரேசியும் மட்டும். அந்த நாட்களை அவள் குறையாகச் சொன்னதே இல்லை. கப்பல் வருகிற நாளில் தையல் மிஷினை மூடிவிட்டு சாத்தத்துக்குப் போய்விடுவாள். அவர் வருகிற கப்பலா என்பது அப்புறம். ஊரே அங்கேதான் இருக்கும். தெலுங்குக்காரர், மலையாளி, ராஞ்சிக்காரர், பர்மாவிலிருந்து வந்த தமிழர் என்று எல்லாரும் ஒரே இந்தியில் விசாரித்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு மூட்டையின் மண்வாசனையை முகர்ந்தே மேன்லேண்டில் மழையா வெயிலா என்று வேதநாயகம் சொல்லிவிடுவார். தெரியாத ஆட்கள்கூட இறங்கி வந்து, "அடைக்கலம் நல்லா இருக்காரு, பெங்களூர்ல பாத்தோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வீடு என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

எழுபதில் அவர் வந்து இறங்கியபோது கப்பல் படிக்கட்டின் கடைசிப் படியைத் தவறவிட்டுத் தடுமாறினார். கடல் ஆட்டம் என்று அவள் நினைத்தாள். சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் இருவரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ராஸ் தீவு கறுத்துக்கொண்டிருந்தது. துறைமுக வாயில் ஒரு படகில் விளக்கேற்றினார்கள்.

"ரெண்டு விளக்கு எதுக்கு ஏத்துதான்?" என்றார்.

அவள் திரும்பிப் படகைப் பார்த்தாள். விளக்கு ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் நீலமும் பச்சையுமாக இரண்டு நூற்கண்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல பச்சை எது?"

"என்னைப் பரிச்சை பாக்குதியா?"

"பாக்குதேன்."

அவர் நூலை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் டீத்தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கு" என்று மெல்லச் சொன்னார்.

"போவாதீய. வாற மழைக்குப் போவாதீய."

"ஒத்துக்கிட்டாச்சு கிளாரா. ஒருதரம் போயிட்டு வந்துருதேன்."

மெட்ராஸில் நடந்ததை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. எதிரில் நின்று ஆடிய கோவிந்தராஜ்தான் பிறகு அவளிடம் சொன்னான். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். நல்ல முன்னிலையில் இருந்த அடைக்கலம் சிவப்பை அடிக்க வேண்டிய இடத்தில் பிரவுன் பந்தை அடித்தாராம். ஃபவுல். கைதவறிப் போச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த முறையும் மேசையைச் சுற்றி வந்து, நிதானமாகக் குனிந்து, அதே பிரவுனை அடித்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து கோவிந்தராஜைப் பார்த்து, "அது சிவப்பு இல்லையா தம்பி?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்றான். அவர் கோலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வந்து அவன் கையைக் குலுக்கி, "நீ ஜெயிச்சிட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கண்ணில் புரை. கோவிந்தராஜே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தான். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. மறுகண் அப்படியே இருந்தது. சோடாப்புட்டி அடிபோலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கப்பலிறங்கியவர், கிளாராவைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "சேலையில இருக்குற பூவெல்லாம் தெரியுது." கலரெல்லாம் திரும்பி வந்துவிட்டன. கடல் அவ்வளவு நீலமா என்று குழந்தை மாதிரி கேட்டார். ஆனால் பந்து வரவில்லை. கண்ணாடி வழியே எல்லாம் பெரிதாக, பக்கத்தில் தெரிந்தது. ஒரு பந்தை நேராகப் பார்த்துக் கோலை நீட்டினால் அது அங்கே இல்லாமல் வேறெங்கோ இருந்தது.

கிளப்பில் புது மார்க்கர் வந்தாயிற்று. குடும்பம் ஊருக்கு வெளியே கராச்சர்மாவுக்குக் குடிபெயர்ந்தது. கிளாராவின் மிஷின்தான் வீட்டை நடத்தியது. அவர் காலையில் எழுந்து வேலியோரம் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். பஸ் போகும். கைகாட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கோபமோ சலிப்போ கிடையாது. பேச்சுதான் குறைந்துபோயிற்று. கோல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர் திரும்ப இழுக்கவில்லை. அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எழுபத்து மூன்று மார்கழியில் கிளப்பின் புதுச் செயலாளர் திருநாவுக்கரசு வீடு தேடி வந்தார். கோவிந்தராஜைக் கப்பலில் வரவழைத்திருக்கிறார்களாம். அடைக்கலத்தை கௌரவிக்க ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம்.

"எனக்கு இப்ப ஆட வராதுய்யா."

"தெரியும். நில்லுங்க, போதும். கோவிந்தராஜ் ஆடிக் காட்டுவாரு." கிளம்பும்போது திருநாவுக்கரசு திரும்பி நின்றார். "அம்மா, நீங்களும் பொண்ணும் வரணும். அன்னைக்குக் குடும்பத்தோடதான் எல்லாரும் வர்றாங்க."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த அறைக்குள் ஆட்டம் நடக்கும்போது கிளாரா போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மாலை முழுக்க மழை தூறிக்கொண்டே இருந்தது. கூட்டத்தின் மூச்சும் நனைந்த குடைகளுமாக அறை புழுங்கியது. மேசைக்கு மேலே விளக்கு எரிந்ததும் அடைக்கலசாமி வெள்ளைச் சட்டையில் வெளிச்சத்துக்குள் வந்தார். கிளாராவுக்கு யாரோ வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கராச்சர்மாவில் வேலியோரம் நிற்கிறவர் இவரில்லை. மேசையைச் சுற்றி அவர் நடந்த நடையை அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட காலடி இதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆட்டம் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கைக்கெட்டும் பந்துகளைக்கூட அவர் தவறவிட்டார். ஒருமுறை கோல் வெள்ளைப் பந்தையே தொடாமல் காற்றில் போனது. கிரேசி தலையைக் குனிந்துகொண்டாள். கிளாரா குனியவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அவர் கைக்குட்டையை எடுத்து, ஆபரேஷன் ஆகாத கண் பக்கத்துக் கண்ணாடிக்குள் மடித்துச் செருகினார். பிறகு அவர் பந்தைக் குழியில் தள்ளப் பார்க்கவே இல்லை. குனிந்து, வெள்ளைப் பந்தை விரல் அளவு தள்ளி, சிவப்பைப் பட்டும்படாமல் தொடவைத்துத் திருப்பி, பிரவுன் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். அங்கிருந்து எதிராளி சிவப்பை நேராக அடிக்க முடியாது. அவ்வளவுதான் செய்தார். அந்தச் சின்ன ஒலி கேட்டதும் கிளாராவுக்கு முதுகு நிமிர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. என்ன நடந்தது என்றே பலருக்குப் புரியவில்லை. கோவிந்தராஜ் மட்டும் மேசையைச் சுற்றி வந்து பார்த்தான், திரும்பச் சுற்றி வந்தான், பிறகு கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாகக் கைதட்டினான்.

அவன் ஆட முயன்றான். ஈரத்துணி பந்தைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தியது. "இன்னாண்ணே இது, மேசையா சேத்து வயலா?" என்றான். கூட்டம் சிரித்தது. அடைக்கலசாமி திரும்பக் குனிந்தார், திரும்ப ஒளித்தார். கோவிந்தராஜ் ஃபவுல் மேல் ஃபவுலாகப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தான். வேண்டுமென்று விட்டுக்கொடுக்கிறானோ என்று கிளாரா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு ஆட்டத்தை அடைக்கலசாமி ஜெயித்தார். கடைசியில் கறுப்புப் பந்து குழிவாயிலேயே நின்றதால் அதை மட்டும் தள்ளிவிட்டார்.

மூன்றாவதை கோவிந்தராஜ் எளிதாக எடுத்துக்கொண்டான். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மேடிறங்கி பஸ்ஸுக்கு நடக்கும்போது, "என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்க?" என்று அவர்தான் கேட்டார்.

"அந்த ரெண்டாவது ஆட்டத்துல, பிரவுனுக்குப் பின்னால வச்சீயல்ல. அவன் என்ன செஞ்சிருந்தாத் தப்பிச்சிருப்பான்?"

அவர் நின்றுவிட்டார். நடுரோட்டில், தூறலில், குடைக்கம்பால் மண்ணில் மேசையை வரைந்து காட்டினார். பஸ் போய்விட்டது. கராச்சர்மா வரைக்கும் நடந்தே போனார்கள். வழிநெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். அந்த ராத்திரியோடு அவருடைய மௌனம் முடிந்தது.

கூடிய குடும்பங்களைப் பார்த்துவிட்டுத் திருநாவுக்கரசு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பெண்களும் ஆடலாம் என்று திறந்துவிட்டார். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பிறகு அவரவர் மனைவிமாரே வந்து நின்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்குப் புள்ளி எண்ண அடைக்கலசாமியைக் கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தவர் கோலை எடுத்துக் கிளாராவின் கையில் கொடுத்தார். ஊசி பிடித்த கை. நடுங்காது. ஆறு மாதத்தில் டாக்டர் மனைவியைத் தோற்கடித்தாள். எழுபத்தாறில் பெண்களுக்கு ஒரு சிறு போட்டி வைத்தார்கள். தூரத்து வண்டூரிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

கடைசி ஆட்டத்தில் கிளாரா ஒரு சிவப்பும், நீலமும், இன்னொரு சிவப்பும் தொடர்ந்து போட்டாள். புள்ளிப் பலகை அருகே நின்ற அடைக்கலசாமி அவள் புள்ளியை உரக்கச் சொன்னார். முன்பு அதிகாரிகளுக்குச் சொன்ன அதே குரல், அதே மரியாதை. வீட்டுக்காரி என்ற சலுகை அதில் துளியும் இல்லை. அவள் சாக்கட்டியைக் கோல்முனையில் தேய்த்துக்கொண்டே ஒருதரம் அவரைப் பார்த்தாள். அவர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அடிக்க வேண்டிய இளஞ்சிவப்புப் பந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.